மூன்று வெண்பொடிகள்: கடலோரப் பள்ளி ஒன்றின் தொல்பொருள் அலமாரியில் நடந்தது

சங்கு வளையல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். விரல் நுனியில் அரிசி மாவு போல வெள்ளையாக ஒட்டியது. பக்கத்துத் தட்டில் இருந்த பானை ஓடுகளிலும் வெள்ளை. கீழ்த்தட்டில் இருந்த பனையோலைப் பெட்டியின் முடைவு இடுக்குகளிலும் வெள்ளை. "உப்புக் காற்று சார், இந்த ஊரில் எதுதான் பூக்காது?" என்றார் உடன் இருந்த ஆசிரியர். சங்கில் இருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஒரே அலமாரி, ஒரே காற்று, ஒரே வெள்ளை, அதனால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று. மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு முழுக்க எங்கள் கைவேலை, மூன்றாவதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஐந்து மாதம் ஆனது.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவன். எங்கள் பள்ளி தேவிபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. இந்தக் கரையில் பல பள்ளிகளிலும் வீடுகளிலும் இப்படி ஓர் அலமாரியோ அட்டைப்பெட்டியோ இருப்பதை அறிவேன். அவற்றைத் திறந்து பார்க்கப் போகிறவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அலமாரிக்குள் இருந்தவை

எனக்கு முன்பு இருந்த தமிழாசிரியர் ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சேர்த்தது இந்தச் சேகரிப்பு. வைகை பாக் விரிகுடாவில் கலக்கும் ஆற்றங்கரைக்கு அருகில் அழகன்குளம் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87இல் முதல் அகழாய்வை நடத்தியது. 1990களில் பல பருவங்கள் தோண்டினார்கள், 2016-17இல் மீண்டும் வந்தார்கள். ரோமானிய நாணயங்கள், ஆம்போரா சாடித் துண்டுகள், தமிழி எழுத்துக் கீறிய ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓர் ஓடு என்று அங்கே கிடைத்தவற்றின் பெருமை ஊர் முழுக்கப் பரவியிருந்த காலம் அது. மழை பெய்து ஓய்ந்ததும் மண் அரித்த வரப்புகளில் மேலே தெரியும் ஓடுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பெரியபட்டினத்திலிருந்தும் கொண்டுவந்தார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழ்ந்து, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்களை எடுத்த ஊர் அது. மீனவக் குடும்பங்கள் கொடுத்த சங்குகள், ஓலைப் பொருட்கள், பழைய மரப் பலகைத் துண்டுகள் எல்லாம் இதனுடன் சேர்ந்தன.

அந்தத் தமிழாசிரியர் ஒவ்வொன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தார். எண், என்ன பொருள், எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தது, எந்தத் தேதி. ஐந்து பத்தி கொண்ட அந்த நோட்டை நான் அலமாரியில் உள்ள எந்தப் பொருளையும்விட மேலாக மதிக்கிறேன். ஓர் ஓடு அழகன்குளத்து ஓடு என்பதை அந்த ஓடு சொல்லாது, நோட்டுதான் சொல்லும். துயரம் என்னவென்றால், பொருளையும் நோட்டையும் இணைத்தது பாலித்தீன் பைக்குள் போட்ட ஒரு காகிதச் சீட்டு மட்டுமே. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது. பாதிச் சீட்டுகளில் எழுத்து கரைந்து நீலக் கறையாகிவிட்டது, சிலவற்றை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

சேகரிப்பு முன்பு ஓர் இரும்பு பீரோவில் இருந்தது. பழைய மாணவர்கள் சிலர் ஆசையோடு பணம் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்த பிளைவுட் காட்சி அலமாரி ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். இடைவெளியில்லாமல் சிலிகான் பசை வைத்துக் கண்ணாடி பொருத்தி, தூசி புகாதபடி நன்றாகவே செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் அதற்கு மாற்றி இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது.

முதல் பொடி: ஓடுகளில்

பிளஸ் டூ செய்முறை வகுப்பில் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்வார்கள். அதே முறைதான். ஓட்டின் மேல் பூத்த பொடியைச் சுரண்டிக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்தோம். பாடப்புத்தகம் சொல்லும் அதே தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்தது. அம்மோனியா ஊற்றியதும் கரைந்தது. குளோரைடு. சாதாரண உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். சுட்ட மண் கடற்பஞ்சு போன்றது. நுண்துளைகளில் உப்புநீர் புகுந்து நிற்கும். சமையல் உப்புக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். துளைக்குள் இடம் இல்லாதபோது சுவரைத் தள்ளுகிறது. சிறிய ஈரமானி ஒன்றை வாங்கி அலமாரிக்கு வெளியே ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். விடியற்காலையில் 85ஐத் தொட்டது, உச்சி வெயிலில் 62 வரை இறங்கியது. நம் கடற்கரையின் ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்கு நடுவிலேயே அந்த 75 நிற்கிறது. ஒவ்வோர் இரவும் உப்பு கரைகிறது, ஒவ்வொரு பகலும் இறுகுகிறது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் ஈரத்தோடு ஈரமாக அசையாமல் கிடந்த ஓடு, வெளியே எடுத்த பிறகு தினம் ஒரு முறை உள்ளிருந்து நெம்பப்படுகிறது.

இதை ரௌலட்டட் ஓடுகளில் கண்ணால் பார்க்கலாம். மெல்லிய சாம்பல் நிற மண்ணில் செய்து, கறுப்புப் பளபளப்புப் பூச்சு கொடுத்து, உள் அடியில் வட்ட வட்டமாகப் புள்ளிக் கீறல் போட்ட தட்டு அது. 1945இல் புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் கிடைத்தபோது, அங்கே அகழாய்வு நடத்திய ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் இது மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தது என்று கருதினார். பின்னாளில் களிமண்ணைச் சோதித்தவர்கள் இது இந்தியக் களிமண் என்று நிறுவினார்கள். எங்களிடம் இருந்த ஒரு துண்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு வறண்ட குளத்து மண் போல வெடித்து, ஒவ்வொரு செதிலும் ஓரத்தில் நிமிர்ந்திருந்தது. செதிலுக்கு அடியில் ஊசி ஊசியாக உப்பு. புள்ளிக் கீறல்கள் இருந்த இடத்தில் பாதி ஏற்கெனவே தட்டில் கறுந்தூளாகக் கிடந்தது. அதே தட்டில் அதற்குப் பக்கத்தில் பெரியபட்டினத்துச் சீனப் பீங்கான் துண்டு, பச்சைப் பூச்சு மின்ன, நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது. பீங்கானின் உடல் கண்ணாடி போல இறுகியது, உப்புநீர் புக வழி இல்லை.

இப்போது எங்கள் பங்கு. ஓடுகள் வந்தவுடன் கழுவுவது வழக்கம். எதில் கழுவினார்கள்? பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் குடிநீர் விற்கும் கடைக்காரரிடம் இரவல் வாங்கி அந்தத் தண்ணீரில் வைத்தேன். 1,800க்கு மேல் காட்டியது. சுத்தம் செய்வதாக எண்ணி முப்பது ஆண்டு உப்பை ஏற்றியிருக்கிறோம்.

சிகிச்சை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, பிளாஸ்டிக் வாளிகளில் ஓடுகளை வலைப்பையில் தொங்கவிட்டோம். ஊறும்போது எண் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை நறுக்கி ஊசியால் எண்ணைக் கீறி ஒவ்வொரு பையிலும் கட்டினோம். நாள்தோறும் தண்ணீரை மாற்றி, மாற்றும் முன் மீட்டர் காட்டுவதை மாணவிகள் இருவர் குறித்துவந்தார்கள். முதல் வாரம் எண் வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாக. மூன்று வாரத்துக்குப் பிறகு சில்வர் நைட்ரேட் விட்டாலும் நீர் தெளிவாகவே நின்றது. நிழலில், கொசுவலை விரித்த சட்டத்தில், மூன்று நாள் ஆற விட்டோம். வெயிலில் காயவைத்தால் கடைசி உப்பு மேற்பரப்புக்கு ஓடிவந்து பூச்சைப் பெயர்த்துவிடும்.

தவறும் நடந்தது. சரியாகச் சுடாத தடித்த ஓடு ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து ஊறப் போட்டுவிட்டேன். காலையில் அதன் விளிம்பு சேறாகக் கரைந்திருந்தது. முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஓட்டுக்கு எழுத்தோ அலங்காரமோ இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடியவில்லை. அது யாரோ ஒரு வீட்டு அடுப்பில் இருந்தது. பூச்சு நிமிர்ந்து நின்ற ரௌலட்டட் துண்டுகளையும் ஊறவைக்கவில்லை. நீர் பட்டால் இருக்கிற செதிலும் போய்விடும் என்பதால், பூச்சை ஒட்டவைக்கத் தெரிந்த கைகளுக்காக அவை அசையாமல் காத்திருக்கின்றன. உட்புறம் கரி படிந்த ஓடுகளையும் தொடவில்லை. சமைத்த எண்ணெயும் கொழுப்பும் அந்தத் துளைகளுக்குள் தங்கியிருக்கும். என்றாவது ஓர் ஆய்வகம் அதைக் கேட்டால், கழுவி வைத்திருக்கிறோம் என்று சொல்ல நேரக் கூடாது.

இரண்டாம் பொடி: சங்கில்

சங்கில் இருந்ததும் உப்புதான் என்று நினைத்துப் பெயருக்கு ஒரு சோதனை செய்தோம். சில்வர் நைட்ரேட் கிட்டத்தட்ட எதுவுமே காட்டவில்லை. அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொடியை நீரில் கலக்கி வடிகட்டி, வடிநீரில் நடுநிலை ஃபெரிக் குளோரைடு விட்டதும் இரத்தச் சிவப்பு. இன்னொரு சோதனைக்குழாயில் நீர்த்த கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கியதும் வினிகர் வாடை. அசிட்டேட்!

சங்கு சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட். அமில ஆவி பட்டால் மேற்பரப்பு கரைந்து கால்சியம் அசிட்டேட்டாகவும் ஃபார்மேட்டாகவும் பூக்கும். பைன் என்ற ஆங்கிலேயர் 1899இல் இதைப் பற்றி எழுதியதால் பைன் நோய் என்றே பெயர். நோய் என்பது பெயரில் மட்டும்தான். கிருமி கிடையாது, ஒட்டுவாரொட்டியும் இல்லை, வெறும் அமிலம். அமிலம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினேன். இரண்டு ஆண்டு கழித்தும் அந்தப் புளிப்பு வாடை இருந்தது. பிளைவுட்டும் அதன் பசையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்கு வைத்த சிலிகானிலும் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை உண்டு. இடைவெளியில்லாமல் செய்த வேலைத்திறனே ஆவியை உள்ளே அடைத்து வைத்தது.

இதற்கு ஓர் உறுதியான சாட்சியும் கிடைத்தது. பழைய இரும்பு பீரோவை நகர்த்தியபோது அதன் அடித்தட்டின் மூலையில் ஐந்து சங்குத் துண்டுகள் கிடந்தன, அலமாரிக்கு மாற்றும்போது தவறவிட்டவை. நோட்டின்படி, அலமாரிக்குப் போன துண்டுகளும் இவையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்தவை. பீரோவில் இருந்த ஐந்திலும் அரம் அறுத்த கோடுகள் கூர்மையாக, இணை இணையாகத் தெரிந்தன. அலமாரியில் இருந்தவற்றில் அந்தக் கோடுகளின் மேல் தேய்ந்த சோப்பின் மழமழப்பு.

அரம் அறுத்த கோடு என்றால் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். வளையலாக அறுத்து எடுத்த பிறகு மிஞ்சும் சங்கின் கொழுந்தைப் பகன்றை மொட்டுக்கு உவமை சொல்கிறது அகநானூற்றின் 24ஆம் பாட்டு. முழு வளையல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அறுத்து எறிந்த கொழுந்து கிடைத்தால், அந்த இடத்திலேயே ஒருவர் உட்கார்ந்து அறுத்திருக்கிறார் என்று பொருள். அறுத்த வாளின் தடிமனும் கோணமும் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. அது கரைந்து போனால் கையில் மிஞ்சுவது சங்கு என்னும் பொருள் மட்டுமே, தொழில் போய்விடும். கரைந்த மேற்பரப்பு திரும்பி வராது. நாங்கள் செய்ததெல்லாம் மென்மையான தூரிகையால் பொடியை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் சற்று நேரம் அலசி, நன்கு உலர்த்தி, இரும்பு பீரோவுக்குத் திரும்பக் கொண்டுபோனதுதான். மெழுகோ வார்னிஷோ பூசச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டேன்.

அலமாரி செய்துகொடுத்த பழைய மாணவர்களிடம் இதைச் சொல்ல நாங்கள் தயங்கினோம். சொன்னபோது அவர்களே வந்து சிலிகானைச் சுரண்டி, கதவுகளில் காற்று வழி வைத்துக் கொடுத்தார்கள். இப்போது அதில் சீனப் பீங்கான் துண்டுகளும் படங்களும் இருக்கின்றன.

சேகரிப்பில் இருந்த செப்புக் காசுகள் சிலவற்றில் வெளிர் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. செம்புக்குள் தங்கிய குளோரைடு ஈரத்தில் விழித்துக்கொண்டு உலோகத்தைத் தின்பதன் அடையாளம். முன்பு ஒரு பிள்ளை புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் உருவமே இல்லை. மற்றவற்றைத் துடைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தோம். மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். காசுகளின் பட்டியலை எழுதித் தலைமையாசிரியர் வழியாக அனுப்பினோம்.

மூன்றாம் பொடி: ஓலைப் பெட்டியில்

இதைத்தான் கடைசியாகச் சோதித்தோம். உப்பும் இல்லை, அசிட்டேட்டும் இல்லை. நீரில் கரையவே மறுத்து மேலே மிதந்தது. அருகில் போனால் ஊசிப்போன வாடை. ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் ஒருவரிடம் கேட்டபோது, கரையானுக்கும் பூச்சிக்கும் பயந்து அந்தக் காலத்தில் கமேக்சின் பொடி தூவியதாகச் சொன்னார். பயிருக்குப் போடும் பி.எச்.சி. பூச்சிக்கொல்லி. இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது. அது எளிதில் சிதைந்து போகிற பொருள் அல்ல. எங்களிடம் அதை உறுதி செய்யும் கருவி இல்லை என்பதால், நஞ்சு என்றே கொண்டு நடந்தோம். கையுறை, முகக்கவசம், பிள்ளைகள் அறைக்கு வெளியே. சங்குப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்த ஆசிரியர் கீழ்த்தட்டுப் பொடியை வைத்துப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

நோட்டில் அந்தப் பெட்டிக்கு "ஓலைப்பெட்டி, மீன் வைக்க, கீழக்கரை" என்று மட்டுமே இருந்தது. கொடுத்தவர் பெயர்ப் பத்தி காலி. சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நடத்திய எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி நிறைய எழுதியவர். அந்தக் காலத்து மானிடவியல் சேகரிப்புகளில் பொருளின் வகையும் சமூகமும் ஊரும் இருக்கும், முடைந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. எங்கள் நோட்டும் அந்த ஒரு பத்தியில் அதே வழக்கத்தில் போயிருந்தது. கீழக்கரையில் மூச்சடக்கிச் சங்கு குளித்த பெரியவர் ஒருவரை, அவருடைய பேத்தி எங்கள் மாணவி என்பதால், பள்ளிக்கு அழைத்தோம்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "இதில் யார் மீன் வைப்பார்கள் தம்பி? இது வெற்றிலைப் பெட்டி" என்றார். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரட்டை முடைவு, வள்ளத்தில் அலை தெறித்தாலும் வெற்றிலையும் புகையிலையும் நனையாது. ஓரத்தில் சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலை ஓடுவதைக் காட்டி, இன்ன தெருவில்தான் இப்படிச் சிவப்பு வைத்து முடைவார்கள் என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து, அதை எடுத்து முகர்ந்து பார்க்கக் கையை நீட்டினார். பழைய புகையிலை வாசம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்திருப்பார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

காரணத்தைச் சொன்னேன். அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை. ஓடுகளை உப்பு தின்றது இயற்கை. சங்கை அமிலம் தின்றது அறியாமை. ஆனால் இந்தப் பெட்டியைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, அதற்கு உரியவர்கள் தொட முடியாதபடி செய்துவிட்டோம்.

பொடியை ஊதவோ தட்டவோ இல்லை. பெட்டியைத் தடித்த தெளிந்த பாலித்தீனுக்குள் வைத்து மூடி, வெளியே நஞ்சு என்று தமிழில் பெரிதாக எழுதினோம். நோட்டில் பழைய பதிவை அடிக்கவில்லை. அதன் கீழே பென்சிலால் "வெற்றிலைப் பெட்டி" என்று எழுதி, சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் முடைந்திருக்கக்கூடிய தெருவும் சேர்த்தோம். பெரியவர் சொன்னதை அவருடைய பேத்தி தனியாக நான்கு பக்கம் எழுதிக்கொடுத்தாள். ஓலையை எந்தப் பதத்தில் வெட்டுவது, சாயத்தை எப்படிக் காய்ச்சுவது, பொத்தல் விழுந்தால் எந்த இழையில் தொடங்கித் தைப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களுக்கும் நோட்டில் தனி எண் கொடுத்திருக்கிறோம்.

இப்போதைய நிலை

வரப்பில் ஓடு பொறுக்குவதை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஓட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். சீட்டு கரைந்த பைகளில் பாதிக்குமேல் நோட்டின் வருணனையை வைத்து எண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம். மீதிக்கு ஊர் தெரியவில்லை. ஊகித்து எழுதாமல் "இடம் தெரியாதது" என்று தனித் தட்டில் வைத்திருக்கிறோம். எண்களை இப்போது பென்சிலில் தடித்த அட்டையில் எழுதுகிறோம், பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

வாடைக்காற்று தொடங்கிய மாதத்தில் பீரோவைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தோம். சங்குகள் சுத்தமாக இருந்தன. ஊறவைத்த ஓடுகளில் இரண்டின் விளிம்பில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சுரண்டி எடுத்துச் சோதித்தோம். குளோரைடுதான். அவை இரண்டும் மறுபடி வாளியில் இருக்கின்றன. இன்று பதினோராம் நாள், மீட்டர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.